நீர்நாயும் நமது மீன் குத்தகையும்

சென்ற மழைக்காலம் கழிந்த பின்பு, பாசனக் குளமொன்றில் மீன் குத்தகை எடுத்திருந்த அங்கத்தினர் சிலர் நம்மிடம் வந்தார்கள. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவர்களுடைய முறையீடு இது: குளத்தில் விட்ட குஞ்சுகளுக்குக் கணக்கு உண்டு, பிடித்த மீனுக்கும் கணக்கு உண்டு, இடையே விழுந்த துண்டுக்கு மட்டும் கணக்கு இல்லை. கரைச் சேற்றில் நீர்நாய்களின் தடம் பதிந்திருந்தது. பாதி தின்ற மீன் தலைகள் கிடந்தன. கண்ணி வைக்கலாமா, மருந்து வைக்கலாமா என்று கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டுமென்றும் அவர்களில் ஒருவர் சொன்னார்.

தீர்மானத்துக்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீர்நாய் காப்புக்குரிய விலங்கு. 2022-இல் செய்த திருத்தத்தின்படி, புலியும் யானையும் இடம் பெற்றிருக்கும் முதல் அட்டவணையில் அதுவும் இடம் பெற்றிருக்கிறது. கொன்றவர்களுக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆகவே கண்ணி வைப்பதென்று ஒரு சங்கம் தீர்மானம் நிறைவேற்றினால், அது அத்தனை பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். ஆனால் சட்டம் தடுக்கிறது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி, நஷ்டப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நியாயமன்று. நீர்நாய் நமக்கு என்ன செய்கிறது என்பதை வரவு, செலவு இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்க வேண்டும்.

நீர்நாய் பெயரளவில்தான் நாய். மேல்நாட்டார் வீசல் என்றழைக்கும் சிறிய ஊனுண்ணிகளின் குலத்தைச் சேர்ந்தது அது. நமது நாட்டுக்குப் புதியதும் அன்று. மருத நிலத்து நீர்த்துறைகளில் வாளை மீனைப் பிடித்துத் தின்னும் விலங்காகக் குறுந்தொகையில் அது வருகிறது. குளத்து மீனில் அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு அனுபோக பாத்தியதை உண்டென்று ஒரு வக்கீல் வாதாடினால், மறுத்துப் பேசுவது கடினமே.

நமது மலையிலும் ஆற்றிலுமாக இரண்டு வகை நீர்நாய்கள் வாழ்கின்றன. ஒன்று ஆற்று நீர்நாய். வழவழப்பான மயிரும் தட்டையான வாலும் உடையது. 7 முதல் 11 கிலோ வரை எடை நிற்கும். தாயும் தகப்பனும் வளர்ந்த குட்டிகளுமாகக் குடும்பத்தோடு திரியும். மீன்தான் அதற்குப் பிரதான ஆகாரம். பல சேர்ந்து வரிசையாக நீந்தி மீனை மடக்கிப் பிடிக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. வங்காள தேசத்தின் தென்பகுதியில் இதே நீர்நாயைக் கயிற்றில் கட்டிப் பழக்கி, வலைக்குள் மீனை விரட்டச் செய்யும் செம்படவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள்.

மற்றொன்று சிறுநக நீர்நாய். உலகத்து நீர்நாய்களிலெல்லாம் மிகச் சிறியது. 5 கிலோவுக்கு உட்பட்டது. மலையின் மேற்பாகத்தில், கல்லும் பாறையுமாக ஓடும் ஓடைகளில் இருக்கும். இதன் விரல்களில் நகம் பெயருக்குத்தான் உண்டு. அந்த விரல்களைக் கல்லிடுக்கில் நுழைத்துத் துழாவி நண்டைப் பிடிக்கும். நண்டின் ஓட்டை உடைப்பதற்கென்றே அகன்ற கடைவாய்ப் பற்கள் அமைந்திருக்கின்றன.

பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். ஒரே குலத்தில் பிறந்த இரண்டு விலங்குகள் இந்த ஆற்றையும் இதற்குத் தண்ணீர் தரும் ஓடைகளையும் நம்பியிருந்தும், ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. ஒன்றுக்கு மீன், ஒன்றுக்கு நண்டு. ஒன்றுக்கு ஆழ்ந்த மடு, ஒன்றுக்கு முழங்கால் ஆழ ஓடை. எல்லை சேரும் இடங்களில் உரசல் இல்லாமலிராது. ஆயினும் பாகப்பிரிவினை பழையது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளில் தானே ஏற்பட்டது. 1988-இல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் ஒன்று சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனபின், மலைப்பகுதியில் இவற்றுக்கு ஓரளவு காவலும் கிடைத்தது. காப்பகத்தின் எல்லையைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கினால், நமது அணைக்கட்டும் காலும் குளமுந்தான் நீர்நாய்க்கு வீடு.

இப்படிப் பாகம் பிரிந்து கிடக்கும் இடத்தில், அயல் நாட்டு விலங்கு ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் ஆறுகளே சாட்சி. அக்கதையை நமது நெசவாளர்கள் விசேஷமாகக் கேட்க வேண்டும். அதன் தொடக்கம் ஓர் உடுப்பு வியாபாரம்.

மிங்க் என்ற விலங்கு நீர்நாய்க்குத் தாயாதி. பூனையைவிடச் சிறியது. தண்ணீரிலும் கரையிலும் இரை தேடும். அதன் தோலால் தைத்த மேலங்கி மேல்நாட்டுச் சீமாட்டிகளுக்கு ஒரு காலத்தில் பெரும் மோகமாக இருந்தது. ஐரோப்பாவிலேயே ஒரு மிங்க் உண்டு. ஆனால் அமெரிக்க மிங்கின் மயிர் உயர்ந்தது என்று, 1920-களில் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து கூண்டுகளில் வளர்க்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக்கு 1929-இல் வந்தது. கூண்டு என்றால் ஓட்டையும் உண்டு. தப்பியவை சில, விலை விழுந்து பண்ணை நொடித்தபோது திறந்துவிடப்பட்டவை சில, பின்னாளில் ஜீவகாருண்யம் பேசியவர்களே இரவில் வந்து திறந்துவிட்டவை சில. 1956-இல் இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்து ஆற்றில் அது குட்டி போட்டு வாழ்வது உறுதியாயிற்று. அதன்பின் அதைத் திரும்பக் கூண்டுக்குள் அடைக்க எவராலும் முடியவில்லை.

ஐரோப்பிய மிங்க் இதற்கு முன்பே நொந்து போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தோலுக்காக அதை வேட்டையாடினார்கள். அது வாழ்ந்த சதுப்புகளை வடித்து நிலமாக்கினார்கள். அப்படி மெலிந்திருந்த வீட்டுக்குள் அமெரிக்க மிங்க் புகுந்தது. உடலில் பெரியது, குட்டியும் அதிகம் போடும், உண்பதில் பேதம் பாராட்டாது. ஒரே ஓடையில் இரண்டும் சேர்ந்தால், ஐரோப்பிய மிங்க் துரத்தப்பட்டு இரையில்லாத வாய்க்கால்களுக்குப் போயிற்று. இன்னொரு தீங்கையும் ஆராய்ச்சியாளர் கூறுவர். அமெரிக்க ஆண் விலங்குக்கு இணைப்பருவம் முந்தி வருகிறது. அது ஐரோப்பிய இனத்துப் பெண்ணோடு கூடினால் கரு தங்கி, பாதியில் கரைந்து போகும். குட்டி பிறப்பதில்லை, அந்தப் பெண்ணுக்கு அவ்வாண்டின் பருவமும் வீணாகும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவியிருந்த அந்த விலங்கு, இன்று ஸ்பெயினின் வடபகுதி, பிரான்சின் தென்மேற்கு, டான்யூப் ஆற்றின் கழிமுகம் முதலிய சில மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்டோனியா நாட்டில் ஹீயுமா என்ற தீவிலிருந்த அமெரிக்க மிங்குகளை 1990-களின் இறுதியில் பிடித்து அகற்றிவிட்டு, 2000-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய மிங்கை அங்கே குடியேற்றி வருகிறார்கள். சுற்றிலும் கடல் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. ஆற்றுக்குக் கடலைப்போல் வேலி ஏது?

இங்கிலாந்தில் மிங்குக்கு இரையானது வேறொரு பிராணி. ஓடைக் கரையில் வளை தோண்டிப் புல் தின்று வாழும் நீரெலி அது. வல்லூறு வந்தால் தண்ணீரில் குதிக்கும். தண்ணீரில் எதிரி வந்தால் வளைக்குள் புகும். பெண் மிங்கோ தண்ணீரிலும் நீந்தும், வளைக்குள்ளும் நுழையும். ஒளிய இடமில்லாமற் போன நீரெலி, அது வாழ்ந்த இடங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து மறைந்தே போயிற்று.

தோல் வியாபாரம் கொண்டுவந்த மற்ற இரண்டு விருந்தாளிகளைப்பற்றி விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும். 1905-இல் பிராக் நகரத்துக்கு அருகில் ஒரு பிரபுவின் பண்ணையில் வட அமெரிக்கக் கஸ்தூரி எலிகளில் ஐந்தை விட்டார்கள். இன்று அது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கரைகளைக் குடைந்துகொண்டிருக்கிறது. நெதர்லாந்து நாடு கடல் மட்டத்துக்குக் கீழே கரை கட்டி வாழும் நாடு. அங்கே நிலத்தார் வரி கொடுத்து, தாமே தேர்ந்தெடுத்து நடத்தும் நீர் வாரியங்கள் பல நூற்றாண்டுகளாக உண்டு. நமது குடிமராமத்து முறைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். எலியொன்று கரையைத் துளைத்தால் ஊர் முழுகும் என்பதனால், அவ்வாரியங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்து அந்த எலியைப் பிடித்து வருகின்றன.

தென்னமெரிக்காவின் கொய்ப்பு என்ற பெரிய நீர்க்கொறிணியும் 1929-இல் இங்கிலாந்துக்கு வந்தது. பண்ணையிலிருந்து தப்பி, கிழக்குப் பிரதேசத்து நாணற் காடுகளை மொட்டையடித்தது. சர்க்கரைக் கிழங்கு வயல்களில் மேய்ந்தது. கால்வாய்க் கரைகளைச் சரித்தது. பல ஆண்டுகள் பிடித்துப் பார்த்தும் ஒழியவில்லை. இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். பிடிக்கும் ஆளுக்கு, விலங்கு ஒழிந்தால் வேலையும் ஒழிந்துவிடும் அல்லவா? ஆகவே 1981-இல் புதுத் திட்டம் வகுத்தார்கள். இருபத்து நான்கு ஆட்கள், பத்தாண்டு கெடு, கெடுவுக்குள் முற்றும் ஒழித்தால் மூன்று ஆண்டுச் சம்பளம் வரை வெகுமதி. 1989-இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்! கூலி நிர்ணயத்தில் எத்தனையோ பேச்சைக் கேட்டிருக்கும் நமது காரியதரிசிகள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பார்களாக.

இங்கே நமது நீர்நாயின் மேல்நாட்டு உறவினனும் கதைக்குள் வருகிறது. 1950-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நீர்நாய்கள் திடீரென்று குறையத் தொடங்கின. மிங்குதான் காரணம் என்று பலர் கருதினார்கள். பிற்பாடு உண்மை வெளிப்பட்டது. விதைத் தானியத்தில் தடவிய டீல்ட்ரின் போன்ற பூச்சி மருந்துகள் மழையில் கரைந்து, ஆற்றில் இறங்கி, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற நீர்நாயை அழித்திருந்தன. மருந்தை நிறுத்திய பின் நீர்நாய் மெல்ல மெல்லத் திரும்பிற்று. 2011-இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் அதன் தடம் காணப்பட்டது. அது திரும்பிய சில ஆறுகளில் மிங்க் குறைந்தது. வேறு சில இடங்களில் மிங்க் ஒழியவில்லை. ஆனால் இரவில் திரிவதை விட்டுப் பகலில் திரியவும், மீனை விட்டுக் கரைமேல் முயலைத் தேடவும் பழகிக்கொண்டது. வீட்டுக்காரன் ஊரில் இல்லாதபோது புகுந்தவன், அவன் திரும்பி வந்தபின் திண்ணைக்கு ஒதுங்கிய கதைதான்.

தாமிரபரணியில் மிங்கும் இல்லை, கொய்ப்பும் இல்லை. மயிர்த்தோல் அங்கி வேண்டாத வெயிலில் பிறந்தது நமது பாக்கியம். ஆனால் அயல் சரக்கை நாமும் இறக்காமலில்லை. நாம் இறக்கியது மீன்.

ஜிலேபிக் கெண்டை என்று சந்தையில் விற்கும் மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல் நமது நாட்டுக்குக் கொண்டுவந்து, மண்டபத்தில் வைத்து வளர்த்தார்கள். ஏழைக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த காரியம் அது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். அதனால் சேதம் குறைவு. ஆண்டில் பல முறை ஈனும். பாசி, புழு, பிற மீனின் முட்டை எதுவானாலும் தின்னும். இடம் நெருங்கினால் உடல் சிறுத்து, சிறுத்த உடலிலேயே இன்னும் பெருகும். குளம் நிறைய மீன் இருக்கும். எடுத்துத் தராசில் வைத்தால் நிற்காது. குத்தகைதாரர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 1959-இல் சீனத்துக் கெண்டைகள் வந்தன. நமது குளங்களில் விடும் கட்லாவும் ரோகுவும் மிர்காலுங்கூடக் கங்கைச் சீமையிலிருந்து வந்தவையேயன்றித் தாமிரபரணியில் பிறந்தவை அல்ல. அவற்றால் ஆதாயம் உண்டு. அவற்றைக் குறைகூற வரவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் விஷயம் வேறு. சேற்றிலும் சாக்கடையிலும் உயிர் தரித்து, அகப்பட்ட மீனையெல்லாம் விழுங்கும் அந்த மீனை வளர்ப்பதை மத்திய அரசாங்கம் 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. தடை காகிதத்தில் இருக்க, குஞ்சு மட்டும் இரவில் லாரி ஏறி வருகிறது. வெள்ளத்தில் ஒரு குளம் உடைத்துக்கொண்டால் கெளுத்தி ஆற்றில் இருக்கும். விராலும் அயிரையும் உளுவையும் ஆராலும் வாழ்ந்த மடுவில் அதன் பிறகு என்ன மிஞ்சும்?

மீன் மட்டுமல்ல. நாம் அமலைச் செடி என்று சொல்லும் ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்கச் சரக்கே. அது மூடிய தண்ணீரில் வெயில் புகாது, காற்றுப் புகாது. நீர்நாய்க்கும் அங்கே வேட்டை இல்லை, வலைக்கும் வேலை இல்லை.

இனி வரவுப் பக்கத்தை எழுதலாம். தேக்கடியின் பெரியாற்று நீர்த்தேக்கத்தில் ஆற்று நீர்நாய்களின் எச்சத்தைச் சேகரித்து, அதிலிருக்கும் செதிலையும் முள்ளையும் கொண்டு அவை தின்ற மீனைக் கண்டறிந்தார்கள். 2005-இல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. அயலிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டையும் சாதாக் கெண்டையும் அவற்றுக்கு முக்கியமான இரையாக இருந்தன. காரணம் விளங்காததன்று. எது மலிந்து கிடக்கிறதோ, எது மெதுவாக நீந்துகிறதோ, அதைத்தானே வேட்டைக்காரன் முதலில் பிடிப்பான்? நாம் இறக்கிவிட்டுத் திரும்ப எடுக்க முடியாமல் தவிக்கும் மீனைச் சம்பளம் வாங்காமல் எடுத்துக்கொண்டிருக்கும் ஆள் இந்த ஆற்றில் ஒருவன் உண்டென்றால், அது நீர்நாயே. இருபத்து நான்கு ஆளும் வேண்டாம், வெகுமதியும் வேண்டாம்.

செலவுப் பக்கத்தையும் மறைக்க மாட்டோம். வளர்ந்த ஆற்று நீர்நாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் தின்னும். ஐந்து உருப்படியுள்ள குடும்பம் ஒரு குளத்தில் பதினைந்து நாள் தங்கினால் 75 கிலோ. பெரிய குளத்தில் இது தெரியாது. சிறு குளத்தில், வற்றிய தண்ணீரில், பிடிக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் வந்து தின்றால் குத்தகைதாரருக்கு அது நிஜமான அடி. அதை இல்லையென்பவர்கள் குத்தகைப் பணம் கட்டியறியாதவர்கள். ஆனால் நம்மிடம் வந்தவர்களின் கணக்கை உட்கார்ந்து பார்த்தபோது, துண்டு விழுந்தது 75 கிலோவன்று. அதைப்போல் பல மடங்கு. விட்ட குஞ்சு விரல் நீளங்கூட வளராத குஞ்சு. வடகிழக்குப் பருவமழையில் கலுங்கு வழிந்தபோது வலைத்தடுப்பு வைக்கவில்லை. குளம் நிறைய ஜிலேபி பெருகி, விட்ட குஞ்சுக்கு இரையில்லாமற் செய்திருந்தது. இவை மூன்றும் கரையில் தடம் பதிப்பதில்லை. நீர்நாய் பதித்தது; பழியை ஏற்றது.

ஆகவே சங்கங்கள் செய்யக்கூடியவையாக நமக்குத் தோன்றுவன சில. குஞ்சு வாங்கும்போது எந்த இனம், என்ன நீளம் என்பதைச் சங்கமே நேரில் பார்த்து வாங்கட்டும். மலிவென்று தனியாள் கொண்டுவரும் கெளுத்திக் குஞ்சைக் கரையேற்ற விடாதிருக்கட்டும். கலுங்குக்கு வலைத்தடுப்பு பொதுச் செலவில் ஆகட்டும். சிறு குளத்தில் நீர்நாயால் நஷ்டமென்று நேரில் பார்த்துத் தெரிந்தால், அது ஒரு குத்தகைதாரர் தலையில் விழாமல் லாபத்திலிருந்து ஒரு சிறு நிதி ஒதுக்கிப் பகிர்ந்துகொள்ளலாம். தோட்டாப் போட்டும் மருந்து கலக்கியும் மீன் பிடிப்பவர்களைச் சங்கம் பாராமுகமாக விடலாகாது. அவர்கள் ஓரிரவில் கொல்லும் குஞ்சை ஒரு நீர்நாய்க் குடும்பம் ஓராண்டிலும் தின்றுவிடாது.

நெல் பயிரிடுவோருக்கும் இதில் பங்கு உண்டு. காரிலும் பிசானத்திலும் நாம் அடிக்கும் மருந்து வடிகால் வழியாகக் கன்னடியன் காலிலும் கோடகன் காலிலும் பாளையங்காலிலும் இறங்கி, அடுத்த குளத்து மீனில் சேருகிறது. டீல்ட்ரின் கதையை அதற்காகத்தான் சொன்னோம்.

பத்தமடைப் பாய் நெய்பவர்களை விட்டுவிட்டோமென்று நினைக்க வேண்டாம். கோரை விளையும் ஈரக்கரைதான் நீர்நாய் குட்டியோடு ஒதுங்கும் கரை. ஆற்றோரம் மணல் போய், கரை சரிந்து, வேலிக்கருவை ஏறினால் பாய்க்குக் கோரையும் இல்லை, குட்டிக்கு மறைவும் இல்லை. தெருநாய்களுக்கு மட்டும் அது வசதி. கோரை அறுக்கும்போது ஆற்றை ஒட்டி ஒரு கீற்றை அறுக்காமல் விட்டுவைத்தால், அடுத்த பருவத்துக்குக் கிழங்கும் தங்கும்.

இதை எழுதி முடிப்பதற்கு முன், ஆற்றில் வலை வீசி வயது போன பெரியவர் ஒருவரோடு அணைக்கட்டு ஒன்றின்மேல் விடியற்காலையில் நடந்தோம். தண்ணீர் தளும்பும் ஒரு கல்லின்மேல் எச்சம் கிடந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. நீர்நாய் தினம் வந்து ஒரே கல்லில் இருந்து போகும் என்று அவர் சொன்னார். குச்சியால் கிளறிப் பார்த்தோம். முள்ளும், பெரிய பெரிய செதிலுமாக இருந்தது.

"என்ன மீன், அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

அவர் ஒரு செதிலை எடுத்து விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஜிலேபிதான். இதுல விரால் செதில் ஒண்ணுகூட இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார். பிறகு அந்தச் செதிலைத் தண்ணீரில் விட்டுவிட்டு, வலையை உதறத் தொடங்கினார்.